தொள்ளாயிரத்து நாற்பதுக்கும் நூற்றி எண்பத்தாறுக்கும் கல்யாணம்

சித்தூரில் ஒரு சங்கம் இருந்தது. அங்கே கல்யாணத்துக்கு ஜாதகம் பார்ப்பதில்லை. ரத்தச் சீட்டு பார்ப்பார்கள்.

எச்.ஐ.வி. இருப்பவர்கள் தங்களுக்குள் கூடி வைத்துக்கொண்ட சங்கம் அது. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், மாவு மில்லின் மாடியில் ஒரே ஓர் அறை. கீழே மில் ஓடும்போது மேலே நாற்காலிகள் தாமாகவே நகரும். தலைவர் நாகபூஷணம் இருபது வருஷம் பஸ் கண்டக்டராக இருந்தவர். விசில் இன்னும் அவர் சட்டைப் பையில்தான் இருந்தது. கூட்டத்தில் யாராவது அழ ஆரம்பித்தால் எடுத்து ஊதுவார். அழுகிறவர் திடுக்கிட்டு நிறுத்துவார், பக்கத்தில் இருப்பவர் சிரித்துவிடுவார், கூட்டம் மேலே நடக்கும்.

வருஷத்துக்கு இரண்டு தடவை வரன் பார்க்கும் கூட்டம் நடக்கும். பெண்ணும் பிள்ளையும் ஆளுக்கொரு சீட்டை மேஜைமேல் வைப்பார்கள். அதில் சிடி ஃபோர் எண் இருக்கும். உடம்பைக் காவல் காக்கிற ஒரு வகை வெள்ளணுக்களின் எண்ணிக்கை அது. எச்.ஐ.வி. கிருமி அந்த அணுக்களுக்குள்ளேயே புகுந்து குடித்தனம் நடத்தி, அவற்றைக் காலி செய்யும். எண் ஐந்நூறுக்கு மேல் இருந்தால் தெம்பு. இருநூறுக்குக் கீழே போனால் மாத்திரை தொடங்கியாக வேண்டும்.

நாகபூஷணம் ஒரு சட்டம் வைத்திருந்தார். பெண்ணின் எண்ணுக்கும் பிள்ளையின் எண்ணுக்கும் இருநூறுக்கு மேல் வித்தியாசம் இருக்கக்கூடாது. இருந்தால், கல்யாணத்துக்குப் பிறகு இரண்டும் தண்ணீர் மட்டம்போலச் சமமாகி, மேலே இருப்பது கீழே இறங்கிவிடும் என்பது அவர் கட்சி. சங்கத்தில் நடந்த முதல் கல்யாணத்தில் பெண்ணுக்கு அறுநூறு, பிள்ளைக்கு நூற்றைம்பது. வருஷம் திரும்புவதற்குள் இரண்டு பேருமே நூறுக்கு வந்துவிட்டார்கள். அந்தத் துக்கத்தில் போட்ட சட்டம் இது. டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்கலாமே என்று யாராவது சொன்னால், "டாக்டருக்குக் கல்யாணத்தைப் பத்தி இன்னா தெரியும்?" என்பார்.

இந்தச் சட்டத்தில் மாட்டிக்கொண்டவள் யமுனா. பாலசமுத்திரத்துக்காரி, இருபத்தேழு வயது. பம்பாய்க்கு மாம்பழ லோடு அடித்த லாரிக்காரனுக்குப் பதினெட்டில் வாழ்க்கைப்பட்டு, இருபதில் தனியானவள். அவன் விட்டுப்போன கிருமி எட்டு வருஷமாக அவள் உடம்பில்தான் இருந்தது. இருந்ததே தவிர, ஒரு வேலையும் செய்யவில்லை. ஒரு மாத்திரை போடாமலே அவளுடைய எண் தொள்ளாயிரத்து நாற்பது. சங்கத்தில் அவளுக்கு 'ஸ்டேட் ஃபர்ஸ்ட்' என்று பெயர். பாலசமுத்திரத்தில் அவள் அம்மா வெங்கடலட்சுமியைக் கேட்டால், வருஷா வருஷம் திருமலையில் தான் போட்டுக்கொள்ளும் மொட்டைதான் காரணம் என்பாள்.

ஸ்டேட் ஃபர்ஸ்ட்டுக்கு ஏற்ற பிள்ளைக்குக் குறைந்தது எழுநூற்று நாற்பது வேண்டும். ஜில்லாவையே சலித்தாலும் அப்படி ஒருவன் அகப்படவில்லை. யமுனா அதைப் பற்றிக் கவலைப்படவில்லை, பாகாலாவில் அவளுடைய போன் கெட்டுப்போகும் வரை.

*

மாதத்துக்கு ஒருமுறை, சங்கத்துக்காரர்களைப் பாசஞ்சர் வண்டியில் ஏற்றித் திருப்பதி மாத்திரை மையத்துக்கு அழைத்துப் போவது யமுனாவின் வேலை. 2006 பிப்ரவரியில் ஒருநாள் பாகாலா ஜங்ஷனில் கிராசிங்குக்காக வண்டி நின்றது. சார்ஜ் ஏறாத போனை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு எதிரே இருந்த கடைக்குப் போனாள். கோவர்த்தனன் அங்கே பூதக்கண்ணாடியைக் கண்ணில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பத்து வருஷம் பம்பாயில் ஓட்டல் சமையல்காரனாக இருந்து, உடம்பு கெட்டு ஊர் திரும்பி, போன் ரிப்பேர் படித்துக் கடை போட்டவன். அப்போதுதான் ஊரில் மாடு மேய்க்கிறவர் கையில்கூட போன் வந்திருந்தது. அவன் கடையில் கூட்டத்துக்குக் குறைவில்லை.

அவன் அவளுடைய போனைத் திறந்து பார்த்தான். "தடிப் பின்னு சாக்கெட்டுல ஒல்லிப் பின்ன சொருவி ஆட்டிக்கீறீங்க. யாரு வூட்டு சார்ஜரு இது?"

"பக்கத்து வூட்டுது."

"பக்கத்து வூட்டுதுன்னா நுழைஞ்சிருமா?"

சரி செய்து கொடுக்கும்போது, வண்டியில் உட்கார்ந்திருந்தவர்களை எட்டிப் பார்த்தான். தானும் ரத்தம் கொடுக்கப் போனபோது, அவர்களில் இரண்டு பேரைத் திருப்பதி மையத்தில் பார்த்திருந்தான். ஒன்றும் கேட்கவில்லை. அவள் போனில் காலை எட்டுக்கும் ராத்திரி எட்டுக்கும் அலாரம் வைத்துத் தந்தான்.

"எனக்கு மாத்திரை இல்லீங்க," என்றாள்.

"அப்ப மத்தவங்களுக்கு ஞாபகப்படுத்துங்க."

அதற்குப் பிறகு மாதாமாதம் சங்கத்துக்காரர்களின் போன் எல்லாம் ஒவ்வொன்றாக அவன் கடைக்குப் போய் அலாரத்தோடு திரும்பின. யமுனாவின் போனும் அடிக்கடி கெட்டது. அது தானாகக் கெட்டதா என்று யாரும் ஆராயவில்லை.

மே மாதம், கடையில் யாரும் இல்லாத நேரம் பார்த்து யமுனா கேட்டாள்: "உங்களாண்ட ஒண்ணு கேக்கணும். என்னக் கட்டிக்கிறீங்களா?"

அவன் உதட்டில் ஒரு பொடி திருகாணியைக் கவ்விக்கொண்டிருந்தான். அது காணாமல் போயிற்று.

"அய்யோ! முழுங்கிட்டீங்களா?"

"இல்ல... இல்ல. இங்கதான் கீது." நாக்கின் அடியிலிருந்து எடுத்தான். துடைத்தான். ஒரு டப்பாவில் போட்டான். மறுபடி எடுத்துத் துடைத்தான். பிறகு சொன்னான்: "என் நம்பரு நூத்தி எம்பத்தாறு. போன மாசம்தான் மாத்திரை ஆரம்பிச்சாங்க. உங்களுது தொள்ளாயிரத்தி நாப்பது. நாகபூஷணம் சாரு சொல்றது நெசம். நல்ல பேட்டரியும் தீந்துபோன பேட்டரியும் ஒண்ணா ஒரு டார்ச்சுல போட்டா, நல்லதுதான் மொதல்ல சாவும். நான் கண்ணால பாத்துக்கீறேன். வேணாங்க."

"பிடிக்கலையா?"

"பிடிச்சதாலதான் வேணாங்கறேன்," என்று அவன் திருகாணியைப் பார்த்துச் சொன்னான்.

வண்டி ஊதியது. யமுனா ஓடிப்போய் ஏறினாள். திருப்பதி வரும்வரை ஜன்னலில் சாய்ந்தபடி ஒன்றையே நினைத்துக்கொண்டிருந்தாள். இந்த எண் என்னுடையதா, அல்லது இன்னொருவர் பக்கத்தில் உட்கார்ந்தால் வடிந்துபோகிற சமாசாரமா?

*

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லக்கூடிய ஒருவன் திருப்பதியில் இருந்தான். அவன் பெயர் தியோடர். சித்தூர் மிஷன் காம்பவுண்டில் பிறந்தவன். திருப்பதியில் ஒரு கல்லூரியில் ஆராய்ச்சி மாணவன். மாத்திரை இல்லாமலே கிருமி அடங்கிக் கிடக்கிறவர்களைத் தேடிக்கொண்டிருந்தான். ஆறு மாதமாக யமுனாவின் பின்னால் ஐஸ் பெட்டியோடு அலைந்து, "அக்கா, பத்தே பத்து டியூப்" என்று கேட்டு, "பத்து டியூபா? பொரியல் பண்ணப் போறியா?" என்று திட்டு வாங்கிக்கொண்டிருந்தான்.

அன்று அவளே போய்க் கையை நீட்டினாள். அவனுக்கு நம்ப முடியவில்லை.

"எடுத்துக்கோ. ஆனா ஒரு கேள்விக்குப் பதில் சொல்லணும். என் நம்பரு என்னோடதா, ஒருத்தரைக் கட்டிக்கினா கொறையுமா?"

மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. தியோடர் ஒரு காகிதத்தில் வட்டம் போட்டு, அதைச் சுற்றிக் கோடு கோடாக நட்டான்.

"பலாப்பழமா?" என்றாள் யமுனா.

"அணு, அக்கா. காவல் அணு. இந்தக் கோடெல்லாம் அதோட மேற்பரப்புல இருக்கிற ஏற்பிகள். கிருமி மொதல்ல சிடி ஃபோர்ங்கிற ஏற்பியைப் பிடிக்கும், உங்க சீட்டு நம்பருக்கும் அதோட பேருதான். அது மட்டும் பத்தாது. அடுத்து சிசிஆர் ஃபைவ்னு ஒண்ணு, அதையும் பிடிச்சாத்தான் உள்ள போக முடியும்..." அவன் மேலும் மேலும் கோடு நட்டான். யமுனாவுக்குப் பலாப்பழம் பெரிதானதுதான் தெரிந்தது. அவள் எழுந்தாள்.

"கெளம்பு. இத எனக்குச் சொல்லிப் புண்ணியமில்ல. சொல்ல வேண்டியவரு பாகாலாவுல கீறாரு."

*

பாகாலாவில், கோவர்த்தனனின் மேஜைமேல், உடைத்துப் போட்ட போன்களுக்கு நடுவே தியோடர் தன் காகிதத்தை விரித்தான். மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தான். கோவர்த்தனன் பூதக்கண்ணாடியைக் கழற்றாமலே கேட்டுக்கொண்டிருந்தான்.

"ஒரு நிமிசம் தம்பி. சிடி ஃபோரு கைப்பிடி. சிசிஆர் ஃபைவு சாக்கெட்டு. கைப்பிடியப் பிடிச்சிக்கினு சாக்கெட்டுல பின்ன சொருவுனாத்தான் உள்ள கரண்டு போவும். அதானே?"

தியோடர் வாயைத் திறந்தபடி நின்றான். "அதேதான் அண்ணே."

"இவங்களுக்கு?"

"அக்காவோட அணுக்கள்ல கைப்பிடி நெறைய இருக்கு. சாக்கெட்தான் ரொம்பக் கம்மி. பொறந்ததுலேர்ந்தே அப்படி இருந்திருக்கணும். இருக்கிற சாக்கெட்லயும் உடம்பே தன்னோட சொந்தப் பின்ன சொருகி அடைச்சு வெச்சிருக்கலாம், அதையும் பாத்துக்கிட்டிருக்கேன். கிருமி வந்து தடவித் தடவிப் பாக்குது, நொழைய முடியல. அதனாலதான் ரத்தத்துல கிருமி அளவும் கம்மி. இது மட்டும்தான் காரணம்னு சொல்ல மாட்டேன், வேற காரணங்களும் இருக்கும். ஆனா இது அக்காவோட உடம்பு. யார் பக்கத்துல உக்காந்தாலும் மாறாது. நம்பர் ஒருத்தர்கிட்டேர்ந்து இன்னொருத்தருக்கு வடியாது அண்ணே."

யமுனா வெற்றியோடு கோவர்த்தனனைப் பார்த்தாள். அவன் முகம் மலரவில்லை. மேஜையின் இழுப்பறையைத் திறந்து இரண்டு சார்ஜர்களை எடுத்துக் காட்டினான். ஒன்று தடிப் பின், மற்றது ஒல்லிப் பின்.

"தடிப் பின்னுக்கு சாக்கெட்டு இல்ல, சரி. ஒல்லிப் பின்னு கிருமி எதனா இருந்தா? என்னாண்ட இருக்கிறது எந்தப் பின்னு?"

தியோடர் உட்கார்ந்துவிட்டான். "அண்ணே, நீங்க என்ன படிச்சிருக்கீங்க?"

"பத்தாவது ஃபெயிலு."

"இதே கேள்விய எங்க புரொஃபசர் என்கிட்ட கேட்டாரு. நான் தலையச் சொறிஞ்சிக்கிட்டு நின்னேன்." பிறகு நேர்மையாகச் சொன்னான்: "ஒல்லிப் பின்னு கிருமியும் உண்டு. அதுக்கு வேற சாக்கெட், அது அக்காகிட்டயும் இருக்கு. நம்ம பக்கத்துல இருக்கிற வகையில அது கொறைவு. ஆனா வரவே வராதுன்னு எழுதிக் குடுக்க முடியாது. அதனால கல்யாணத்துக்கப்புறமும் உங்க கிருமி அக்காவுக்குப் போகாம பாத்துக்கணும். நீங்க மாத்திரைய விடாம சாப்பிடணும். அப்புறம்... அது... உறை..." மிஷன் காம்பவுண்டுப் பிள்ளை காது மடல்வரை சிவந்தான்.

"பவுச்சு போடணும்னு சொல்றாரு," என்றான் கோவர்த்தனன், யமுனாவைப் பார்க்காமல்.

"எனக்குப் புரிஞ்சுது," என்றாள் யமுனா, அவளும் பார்க்காமல்.

பிறகு கோவர்த்தனன் மெதுவாகத் தலையை ஆட்டினான். "அப்ப கேரண்டி இல்ல."

யமுனா கண்ணாடிப் பெட்டியில் அடுக்கியிருந்த பளபளப்பான சைனா போன்களைக் காட்டினாள். "இதுக்கெல்லாம் கேரண்டி கீதா?"

"கெடையாது."

"அப்ப இன்னா சொல்லி விக்கிறீங்க?"

"கேரண்டி கெடையாது, எதனா ஆச்சுன்னா எடுத்துக்கினு வாங்க, நான் பாத்துக்கறேன்னு..." அவன் நடுவில் நிறுத்திவிட்டான்.

"அதத்தான் நானும் கேக்கறேன்," என்றாள் யமுனா.

தியோடர் ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, டீ குடிக்கப் போவதாகச் சொல்லி வெளியே போனான். அவன் திரும்பி வந்தபோது ஒல்லிப் பின்னும் தடிப் பின்னும் இழுப்பறைக்குள் போயிருந்தன. கோவர்த்தனன் பூதக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தான். அந்தக் கண்ணைச் சுற்றி வட்டமாகத் தடம் பதிந்திருந்தது.

*

ஆகஸ்டில் வரன் கூட்டம் வைப்பதாக இருந்தது. அதற்குள் ஊருக்கே சிக்குன்குனியா வந்துவிட்டது. சித்தூர் பஜாரில் நிமிர்ந்து நடக்கிற ஆளே இல்லை. காய்கறிக்காரர் தராசைத் தூக்க முடியாமல் வாங்குகிறவரையே தூக்கச் சொன்னார். யமுனாவும் பத்து நாள் படுத்தாள். எழுந்து, விரலை மடக்க முடியாத கையால் புதுச் சீட்டை வாங்கினாள்.

அறுநூற்றிப் பத்து.

கூட்டத்தில் சீட்டுகள் மேஜைமேல் வந்தன. யமுனா அறுநூற்றிப் பத்து. கோவர்த்தனன் இருநூற்றித் தொண்ணூறு. நாகபூஷணம் இரண்டையும் பார்த்தார். அவருக்குச் சந்தோஷம் இல்லை, பாவம். உண்மையிலேயே கண் கலங்கியது. அதனால் தனக்குத்தானே ஒருமுறை விசில் ஊதிக்கொண்டார்.

"பாத்தியாம்மா? தொள்ளாயிரத்தி நாப்பது எறங்குது, நூத்தி எம்பத்தாறு ஏறுது. சமமாயிக்கினு வருது. நான் சொன்னனா இல்லையா?"

"சாரு, எங்களுக்கு இன்னும் கல்யாணமே ஆவல!"

"நிச்சயத்துக்கே இப்படின்னா கல்யாணத்துக்கு இன்னா ஆவும்?"

"நான் அவரு கையக்கூடத் தொட்டதில்ல!"

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். கோவர்த்தனன் சிரிக்கவில்லை. அவன் எழுந்து, தன்னுடைய சீட்டை மட்டும் மேஜையிலிருந்து எடுத்து நாலாக மடித்தான். "வேணாங்க," என்றான். அவ்வளவுதான். கதவுப் பக்கம் நடந்தான். கீழே மில் ஓட ஆரம்பித்தது, நாற்காலிகள் நகர்ந்தன. யமுனாவின் காலடியில் தரையே நகர்வதுபோல இருந்தது. அவன் வெளியே போய்விட்டால் அடுத்த மாதம் அந்தப் பாசஞ்சர் வண்டி பாகாலாவில் வெறுமனே கிராசிங்குக்காகத்தான் நிற்கும்.

அப்போது அவள் கண்ணில் பட்டது நாகபூஷணத்தின் கை. சீட்டைப் பிடித்திருந்த அவருடைய விரல்களும் மடங்கவில்லை.

"சாரு, உங்களுக்கும் காய்ச்சல் வந்துதா?"

"யாருக்கு வரல? இப்பகூட படி ஏற ரெண்டு பேரு தூக்கி வுட்டாங்க."

"அதுக்கப்புறம் ரத்தம் குடுத்தீங்களா?"

"போன வாரம் குடுத்தேன். சீட்டு அந்த பீரோவுல கீது, நான் பாக்கல. எதுக்கு?"

சங்கத்தின் எல்லாச் சீட்டுகளும் அந்த பீரோவில்தான் இருக்கும், சாவி யமுனாவிடம். அவள் வலிக்கிற விரலால் திறந்து, கட்டை எடுத்து மேஜையில் போட்டாள். "காய்ச்சல் வந்தவங்க கையத் தூக்குங்க!" என்றாள். எட்டு கைகள் முக்கி முனகிப் பாதி உயரம் எழும்பின. யமுனா ஒவ்வொருவருடைய பழைய சீட்டையும் புதுச் சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தாள். நானூற்றி நாற்பது, முந்நூறு. முந்நூற்றெழுபது, இருநூற்றறுபது. எட்டு பேருக்கும் இறங்கியிருந்தது. கடைசியாகத் தலைவர் சீட்டு.

"ஐந்நூத்தி இருபதுலேர்ந்து முந்நூத்தி அறுபது." அவள் நிமிர்ந்தாள். "உங்க நம்பரு யாரக் கட்டிக்கினு கொறைஞ்சுது சாரு?"

மில் சத்தத்தையும் மீறி அறை சிரித்தது. நாகபூஷணம் சீட்டை வாங்கித் தானே படித்தார். மறுபடி படித்தார். அவர் முகத்தில் ஏதோ ஒன்று மெல்ல அவிழ்ந்தது.

"அந்த மொத கல்யாணம்..." என்றார், யாரிடமும் சொல்லாததுபோல. "அந்த வருசம் அவங்க ரெண்டு பேருக்கும் டி.பி. வந்துது. பொண்ணுக்கு மொதல்ல. ரெண்டு பேரும் இருமிக்கினே இருந்தாங்க. நான் அத யோசிக்கவே இல்லையேம்மா."

யமுனா கதவைப் பார்த்தாள். கோவர்த்தனன் நிலைப்படியிலேயே நின்றிருந்தான். மடித்த சீட்டைப் பிரித்துக்கொண்டிருந்தான்.

"தியோடரு என் கிருமி அளவப் பாத்துட்டான்," என்றாள் அவனிடம். "அது ஏறவே இல்ல. பழைய மாதிரியே அடங்கித்தான் கீது. காய்ச்சல்ல எறங்குன நம்பரு, ஒன்றரை மாசத்துல ஏறிடும்னான். பொறுங்க. ஏறலைன்னா நானே உங்கள அனுப்பிடறேன்."

"ஏறலைன்னா நான் போவ மாட்டேன்," என்றான் அவன். "எதனா ஆச்சுன்னா பாத்துக்கறேன்னு சொல்லிட்டேன் இல்ல? வெளியில போறப்பதான் ஞாபகம் வந்துது."

*

ஒன்றரை மாதத்தில் அவளுக்குத் தொள்ளாயிரத்து ஐந்து. அவனுக்கு முந்நூற்றி நாற்பத்து நாலு. வித்தியாசம் ஐந்நூற்றறுபத்தொன்று. நாகபூஷணம் இரண்டு சீட்டுகளுக்கும் மஞ்சள் தடவினார். கிருமியும் ஏற்பியும் அவருக்கு இப்போது தெளிவாகவே புரிந்திருந்தது. "இன்னா, கம்பியப் புடிச்சா மட்டும் பஸ்ல ஏறிட முடியுமா? கால் வெக்கப் படி வாணாமா? இந்தப் பொண்ணு பஸ்ல படியே இல்ல," என்று பார்க்கிறவர்களுக்கெல்லாம் விளக்கினார். வெங்கடலட்சுமியிடமும் விளக்கினார். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அந்தப் படிய எடுத்தவரு யாரு? மலைமேல கீறவருதான்," என்று தன் மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டாள்.

கல்யாணம் திருப்பதியில், மலைக்குக் கீழே ஒரு சின்னச் சத்திரத்தில். முகூர்த்தம் ஏழரையிலிருந்து எட்டரை. புரோகிதர் நிதானமான மனிதர். எந்த மந்திரத்தையும் விடவில்லை. ஒருவழியாகக் கோவர்த்தனன் தாலியை இரண்டு கையாலும் எடுத்து, யமுனாவின் கழுத்தருகே கொண்டு போனான்.

மணி எட்டு.

முதலில் நாகபூஷணத்தின் பையில் ஒரு போன் பாடியது. அடுத்த நொடி பின்வரிசையில் ஐந்து, வாசலில் மூன்று, சமையல்கட்டில் இரண்டு என்று முப்பது போன்களும் ஒரே ராகத்தில் கூவின. எல்லாம் மாப்பிள்ளை கையால் வைத்த அலாரம். நாதஸ்வரக்காரர் பயந்து வாசிப்பதை நிறுத்திவிட்டார்.

"ஏமிட்டண்டி இதி?" என்று தெலுங்கில் கேட்டார் புரோகிதர்.

"மாத்திரை டைமு சாமி. ரெண்டே நிமிசம்," என்றார் நாகபூஷணம். "எல்லாரும் ஒரே குடும்பம்."

சத்திரம் முழுக்கப் பைகள் திறந்தன, காகிதங்கள் சரசரத்தன, பன்னீர் சோடா கைமாறியது. கோவர்த்தனன் தாலியைப் பிடித்தபடி சிலையாக நின்றான். கீழே வைக்கவும் கூடாது, மாத்திரையைத் தள்ளிப்போடவும் கூடாது. அவன் சட்டைப் பையை நோக்கிக் கண்ணால் சாடை காட்டினான். யமுனா பையில் கைவிட்டு மாத்திரையை எடுத்தாள். அவன் வாயில் போட்டு, டம்ளரைத் தூக்கிப் பிடித்தாள். அந்தக் கூட்டத்தில் அவள் ஒருத்திக்குத்தான் கை காலியாக இருந்தது.

"முழுங்கிட்டீங்களா?"

"முழுங்கிட்டேன்."

"நாக்குக்கு அடியில ஒண்ணும் இல்லையே?"

அவன் வாயைத் திறந்து காட்டினான். புரோகிதர் தலையில் அடித்துக்கொண்டார். நாகபூஷணம் விசிலை எடுத்து நீளமாக ஊதி, பஸ்ஸின் பக்கவாட்டைத் தட்டுவதுபோலத் தூணைத் தட்டினார்.

"ரைட், ரைட்! போலாம்!"

கோவர்த்தனன் முதல் முடிச்சைப் போட்டான்.